இன்னும் வரையத் தெரியவில்லை

யாராவது பொய் சொன்னால் டாக்டருக்குக் காது சிவந்துவிடும். சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில், மேல்மாடியில் எங்கள் பல் கிளினிக். கீழே மோட்டார் சாமான் விற்கும் சீனர் கடை. கிளினிக்கில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. டாக்டர் என்னைவிட இளையவர், கல்யாணம் ஆகாத பெண். முதல் நாளே என்னை "அக்கா" என்றார். நான் கடைசிவரை அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டேன்.

"சிகரெட் குடிப்பீங்களாண்ணே?" என்று நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் கேட்பார். அந்த மனிதரின் பல்லெல்லாம் கறுத்துக் கிடக்கும். சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். "அதெல்லாம் விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர்" என்பார் அவர். டாக்டர் சட்டென்று குனிந்து எதையோ தேடுவது போல் தட்டைக் கிளறுவார். முகமூடிக்கு மேலே தெரியும் காது நுனி மிளகாய்ப் பழமாகியிருக்கும். "பரவாயில்லண்ணே, பரவாயில்ல" என்பார், தானே மாட்டிக்கொண்டவர் போல.

ஒருநாள் ஓர் ஆள் தன் மனைவியை அழைத்து வந்தார். ஊசி போடும்போது அந்தப் பெண் கத்திவிட்டாள். அவர் எல்லார் முன்னாலும், "மாடு மாதிரி கத்துறா பாரு, மானத்த வாங்குறா" என்று ஏசினார். அவர்கள் போன பிறகு டாக்டரைக் காணவில்லை. பின்னறையில் போய்ப் பார்த்தேன். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பெட்டியின் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், நீங்க ஏன் இப்படி நிக்கிறீங்க? ஏசினது அந்த ஆளு."

"அவருக்கு வெட்கமா இல்லையேக்கா. யாராவது ஒருத்தர் படணும்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது என்ன, யார் வீட்டுக் குப்பையையோ தன் வீட்டு வாசலில் கொட்டிக்கொள்கிற குணம் என்று நினைத்தேன். நல்ல மனுஷி, ஆனால் இந்த உலகத்தில் பிழைக்கிறது கஷ்டம் என்று வீட்டில் தம்பியிடம் சொன்னேன். தம்பியும் சிரித்தான்.

அந்தப் பின்னறையில்தான் அவருடைய இன்னொரு வேலை நடந்தது. ஒரு நீள மேசை. அதில் ஒரு கம்ப்யூட்டர், மூடி உடைந்த ஒரு பழைய லேப்டாப், தட்டு கழுவி அடுக்குகிற பிளாஸ்டிக் ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டில் தட்டுக்குப் பதிலாக ஹேண்ட்போன்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். கண்ணாடி உடைந்தவை, மூலை நசுங்கியவை, யாரும் காசு கொடுத்து வாங்காதவை. எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடும். ஒரு குளம், ஒரு படகு, படகில் தூண்டில் போடும் ஒரு சின்ன உருவம்.

முதல்முறை பார்த்தபோது, "கேம் விளையாடுவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஐயோ, எனக்குக் கையே வராதுக்கா. மீனே சிக்காது."

"அப்புறம் எதுக்கு இத்தனை போனு?"

நோயாளி யாரும் இல்லாத மதியம் அது. உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். டிவியில் சொருகி விளையாடுகிற பழைய கேம் பெட்டி ஒன்று இருந்ததாம். இப்போது கடையில் கிடைப்பதில்லை. அந்தப் பெட்டி போலவே நடிக்கிற ஒரு புரோகிராமைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எமுலேட்டர் என்று பெயர். யாருக்கும் சம்பளம் கிடையாது. பழைய டிஸ்க்கை வைத்திருப்பவர்கள் அதைக் கம்ப்யூட்டரிலோ ஹேண்ட்போனிலோ போட்டு விளையாடலாம்.

"கேமுக்கு, தான் அந்தப் பழைய பெட்டிக்குள்ளதான் இருக்கோம்னு நெனப்பு. 'இங்க தண்ணி வரை, அங்க மரம் வரை'ன்னு அதோட பாஷையில சொல்லிக்கிட்டே இருக்கும். ஆனா உங்க போனுக்கு அந்தப் பாஷை தெரியாது. விண்டோசுக்கு ஒரு பாஷை, மேக்குக்கு வேற ஒண்ணு. புது போனுக்கு ஒண்ணு, பழைய போனுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் நடுவுல நின்னு மாத்திச் சொல்லணும். அதுக்குப் பேரு பேக்எண்ட். எங்க அப்பா சிடாம் கிரி பக்கம் எஸ்டேட்ல கிராணியா, ஆபீஸ் கிளார்க்கா இருந்தாருல்ல? மேனேஜர் இங்கிலீஷ்ல சொல்றத தமிழாளுங்களுக்குத் தமிழ்ல, மலாய்க்காரங்களுக்கு மலாய்ல சொல்வாரு. அதே வேலைதான்."

புது போன்களின் பாஷைக்கு வல்கன் என்று பெயர், பழைய போன்களின் பாஷைக்கு ஓப்பன்ஜிஎல். இந்த இரண்டு பெயரும் எனக்கு அன்றுதான் தெரியும். முன்னதை எழுத நிறையப் பேர் இருந்தார்கள். பின்னதைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. பழைய போன் வைத்திருப்பவன் ஏழை, அவன் குறை சொன்னாலும் யாருக்கும் கேட்காது. டாக்டர் அதை எடுத்துக்கொண்டார்.

குளத்துக் காட்சியை ஏன் மறுபடி மறுபடி ஓட்டினார் என்றால், சில போன்களில் குளத்துத் தண்ணீர் தார் போலக் கறுப்பாக வரும். தண்ணீரில் வானத்தின் நிழல் விழ வேண்டும். அதற்கு, வரைந்து முடித்த படத்தையே போன் திருப்பிப் படிக்க வேண்டும். "வரைஞ்சிட்டியான்னு கேட்டா, 'வரைஞ்சிட்டேன்'னு சொல்லுதுக்கா. வரையவே இல்ல. சும்மா சொல்லுது" என்றார். சொல்லும்போதே காது சிவந்தது. ஹேண்ட்போனுக்குள்ளே படம் வரைகிற ஒரு சில்லு சொன்ன பொய்க்கு.

அந்தப் பழைய லேப்டாப்பில் மட்டும் வேறு மாதிரி ஓட்டுவார். அதில் படம் வரைகிற சில்லை நம்பாமல், ஒவ்வொரு புள்ளியையும் புரோகிராமே கணக்குப் போட்டு வரையும். ஆமை மாதிரி நகரும். "மெதுவாத்தான் ஓடும். ஆனா சரியா இருக்கும்" என்று சொல்லி, அதன் பக்கத்தில் ஒவ்வொரு போனையும் வைத்து ஒப்பிடுவார். ஏமாற்றுகிற போன்களுக்கென்று தனியாகச் சுற்றுவழி எழுதினார். குறை சொல்லி எழுதுகிறவர்களுக்கெல்லாம் "மன்னிக்கவும், என் தவறு" என்றுதான் பதில் போடுவார். அந்தப் புரோகிராமை எழுதும் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்த பிரேசில்காரர் ஒருமுறை, "சில்லு செய்தவர்களின் தவறுக்கு நீ மன்னிப்புக் கேட்காதே" என்று எழுதினாராம். அதற்கும் டாக்டர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

எனக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு வந்தது. டாக்டர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதத் தடுமாறுவார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறுவரை தமிழை விடாதவள். அந்தப் புரோகிராமில் வரும் வாசகங்களைத் தமிழில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உலகத்தில் எந்தத் தமிழன் அதைத் தமிழில் வைத்து விளையாடப் போகிறான் என்று கேட்டேன். "ஒருத்தர் வச்சாலும் வைப்பாங்கக்கா" என்றார். பஞ்சும் ஊசியும் அடுக்கிக்கொண்டே நாங்கள் இருவரும் சொல் தேடினோம்.

ஹேண்ட்போனால் வரையவே முடியாத ஒரு காட்சி வந்தால் திரையில் ஒரு செய்தி வரும். இங்கிலீஷில் அது, 'உங்கள் கருவி இதை ஆதரிக்கவில்லை' என்கிற மாதிரி இருந்தது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"அது போன் வச்சிருக்கிறவங்க மேல பழி போடுற மாதிரி இருக்குக்கா. அவங்க என்ன பண்ணுவாங்க, இருக்கிற போனுதானே. 'மன்னியுங்கள், இதை வரைய எங்களுக்குத் தெரியவில்லை'ன்னு போடலாமா?"

"'இன்னும்' சேருங்க டாக்டர்" என்றேன். "இல்லாட்டி கைவிட்ட மாதிரி இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. 'மன்னியுங்கள், இதை வரைய எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.' அந்த வாக்கியத்தை இரண்டு பேரும் சத்தமாகப் படித்துப் பார்த்தோம். எழுதியவர்கள் பெயர் வரிசையில், தமிழ் மொழிபெயர்ப்பு என்று போட்டு என் பெயரையும் சேர்த்ததாகச் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கோ உள்ளே, யார் பார்க்கப் போகிறார்கள்.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்தவன், முப்பது தாண்டியவன். கூலிம் பக்கம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்த பிறகு என் வீட்டிலேயே இருந்துகொண்டு, சூப்பர்மார்க்கெட் வாசலில் ஹேண்ட்போன் பழுதுபார்க்கும் கடை போட்டிருந்தான். கெட்டிக்காரன். டாக்டரின் பழைய போன்களுக்குப் பேட்டரி மாற்றுவதற்கு நான்தான் அவனை அழைத்து வந்தேன். அவன் அந்தக் குளத்தைப் பார்த்தான். கேள்வி கேட்டான். நல்ல கேள்விகள் என்று டாக்டரே சொன்னார். அப்படி யாராவது கேட்டால் அவருக்குச் சந்தோஷம் தாங்காது. சாப்பாட்டைக்கூட மறந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

கொஞ்ச காலம் கழித்துத் தம்பி ஓர் ஆப் வெளியிட்டான். பழைய கேம்களை மலிவு போனில் விளையாடலாம் என்று. அது நன்றாக ஓடியது. இந்தோனேசியாவில், இந்தியாவில் எல்லாம் இறக்கிக்கொண்டார்கள். இடையிடையே விளம்பரம் வரும், அதில் அவனுக்கு வருமானம். கடையை எடுத்துவிட்டான், ஓட்டுவதற்குப் புது காடி வாங்கினான். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். அவனாக எழுதியது என்றான், நம்பினேன். டாக்டரிடமும் சொன்னேன். "அப்படியாக்கா, நல்லது. சந்தோஷமா இருக்கு" என்றார். அவர் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தாரா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது.

சுங்கை பட்டாணியில் ஒரு சங்கம் தம்பிக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தது. சாதித்த இளைஞர்கள் என்று நாலைந்து பேர், அதில் அவன் ஒருவன். நான் டாக்டரை வற்புறுத்தினேன். "நீங்க வந்தா அவன் சந்தோஷப்படுவான் டாக்டர்." அவர் தயங்கினார். பிறகு கத்தரிப்பூக் கலரில் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அவரைச் சேலையில் பார்த்தது அன்றுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. தம்பி மேடையில் தன் ஆப்பை ஓட்டிக் காட்டினான். பெரிய திரையில் குளம் வந்தது. படகு வந்தது. டாக்டரின் பின்னறையில் ஓடும் அதே குளம். ஆனாலும், அதே கேமை யார் வேண்டுமானாலும் விளையாடலாமே என்று நினைத்துக்கொண்டேன். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "என் போன்ல ஓடுமா தம்பி? எட்டு வருஷப் பழசு" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "ஓடும் சார்" என்று தம்பி அவர் போனை வாங்கி, ஆப்பை ஏற்றி, திரையில் இணைத்தான். ஆசிரியரின் போனில் எல்லாமே தமிழில் இருக்கும். அது அவர் கொள்கை.

ஓடியது. குளம் தெளிவாக வந்தது. தம்பி அடுத்த காட்சிக்குப் போனான். திரை நின்றது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து.

'மன்னியுங்கள், இதை வரைய எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.'

மண்டபமே அதைப் படித்தது. பிறகு ஆசிரியர் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "பாருங்க. தப்பைக்கூட எவ்வளவு பணிவா, எவ்வளவு நல்ல தமிழ்ல சொல்லியிருக்காரு நம்ம பிள்ளை." கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். தம்பி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

'இன்னும்' என்கிற அந்தச் சொல்லை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நான் போட்டது. பஞ்சு அடுக்கிக்கொண்டே போட்டது. பக்கத்தில் என் அண்ணி என் தொடையைத் தட்டி, "கை தட்டுங்க" என்றாள். என் கைகள் மடியிலேயே கிடந்தன. டாக்டர் இருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

வெளியே காடி நிறுத்துமிடத்தில் நின்றார். சாவியை எடுக்க முடியாமல் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். காதும் கழுத்தும் சிவந்து போயிருந்தன. என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"அக்கா, நான் வந்திருக்கக் கூடாது. உங்களுக்குச் சங்கடமாப் போச்சு. மன்னிச்சிருங்க."

"டாக்டர், உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். "உள்ள போங்கக்கா. தம்பி தேடுவாரு. நல்ல நாளு" என்றார்.

தெரியும். ஆப் வந்த முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று கூசி, தினமும் என் பக்கத்தில் நின்று பல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

புரோகிராம் எழுதும் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் விஷயம் தெரியவந்தது. ஆப்பை நீக்கச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும், செய்தவன் பெயரை ஊரறிய எழுத வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கெடாக்காரன் என்று தெரிந்ததும் பிரேசில்காரர் டாக்டரிடம் கேட்டிருக்கிறார், உனக்கு அவனைத் தெரியுமா என்று. டாக்டர், நான் பேசிப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பழப் பை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பால் சேர்க்காமல் தே ஓ டீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பியே ஆரம்பித்தான். "டாக்டர், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்லா. அது எல்லாம் ஃப்ரீ. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா தம்பி. ஃப்ரீதான். நீங்க வித்தாலும் தப்பில்ல, விளம்பரம் போட்டாலும் தப்பில்ல. எழுதினவங்க பேரை மட்டும் எடுக்கக் கூடாது. நீங்க மாத்தினதையும் மத்தவங்க பார்க்கத் திறந்து வைக்கணும். அவ்வளவுதான்."

"பேரா? உள்ள போய் யாரு டாக்டர் அதெல்லாம் படிக்கிறா? நானே படிக்கல. மொத்தமா அழிச்சிட்டேன்."

டாக்டர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க அக்கா பேரும் அதுல இருந்துச்சு தம்பி."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "அக்காவா? அக்காவுக்கு இதுல என்ன தெரியும்?"

டாக்டர் சட்டென்று எழுந்துகொண்டார். என் வீட்டில், என் தம்பி என்னைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தொந்தரவு கொடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று சொல்லி, தே ஓவைக் குடித்து முடிக்காமலே கிளம்பினார். வாசல்வரை போய் அவர் செருப்பு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருட்டுக் கொடுத்தவர் திருடன் வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். அந்தத் திருடனுக்கு அன்று மதியம் மீன் குழம்பு ஊற்றியது நான்தான். உள்ளே போய் அவனைக் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதான்க்கா" என்றான். அதற்கு மேல் கத்தினேன், அழுதேன். அவன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

டாக்டர் என்ன செய்தார் என்பதைப் பிறகு அவராகவே, கையுறையைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். "என்மேலதான் தப்புன்னு அவங்களுக்கு எழுதிட்டேன்கா. நான்தான் தம்பிக்குச் சரியா விளக்கல, எடுத்துக்கச் சொன்ன மாதிரி ஆயிருச்சுன்னு. அவங்க புகார் கொடுக்கல. நான் வெலகிக்கிட்டேன்."

"எதுக்கு டாக்டர்? நீங்க எதுக்கு வெலகணும்?"

"அப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டு அங்க எழுதுறது?"

எனக்குக் கோபம் வந்தது. முதல்முறையாக அவர்மேல் கோபம். பக்கத்தில் இருப்பவர்களின் வெட்கத்தையெல்லாம் இவரே எடுத்துப் பட்டுக்கொள்வதால்தான் ஒருவருக்கும் அது மிஞ்சாமல் போகிறதோ என்று தோன்றியது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

பின்னறை மேசை காலியானது. ஹேண்ட்போன்கள் ஒரு பெட்டிக்குள் போயின. பழைய போன்களுக்கான அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், சில மாதங்களில் அதைப் புரோகிராமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தம்பியின் ஆப் அவர்கள் செய்வதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆப். ஆகவே அதிலும் பழைய போன்கள் நின்றுபோயின. இறக்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

தம்பி கிளினிக்குக்கே வந்தான். நாலு பேர் காத்திருந்தார்கள். ஒரு மலாய்க்கார மாது, கன்னம் வீங்கிய ஒரு லாரி டிரைவர், ஒரு தாயும் மகளும். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட வெளியே வந்தார்.

"டாக்டர், பழைய போன்ல ஓட மாட்டுது. நீங்க எழுதினதுதானே, கொஞ்சம் போட்டுக் கொடுங்களேன். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைலா."

டாக்டர் கைகளைப் பிசைந்தார். "எடுத்துட்டாங்க தம்பி... திரும்பப் போடறது கொஞ்சம் பெரிய வேலை... பார்க்கட்டுமா..."

அவர் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்தது. முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. நான் மேசையிலிருந்து எழுந்தேன்.

"வீட்டுக்குப் போடா."

"என்னக்கா நீங்க..."

"இது இவங்க எழுதினது. நீ எடுத்துக்கிட்ட. பேரை அழிச்சிட்டு மேடையில நின்னு பொன்னாடை வாங்கிக்கிட்ட. இப்ப அது கெட்டுப் போச்சுன்னு இவங்ககிட்டயே ரிப்பேருக்கு வந்திருக்க. போ."

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தச் சின்ன இடத்தில் எல்லாருக்கும் கேட்டது. லாரி டிரைவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். அந்தத் தாய், "இவருதானே அந்த ஆப் செஞ்சவரு?" என்று மகளிடம் கேட்டது தெளிவாகவே விழுந்தது. தம்பி படியிறங்கிப் போனான்.

நியாயம் செய்துவிட்டதாக நினைத்துத் திரும்பினேன். டாக்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்களேக்கா" என்றார். பிறகு காத்திருந்தவர்களிடம், தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, மன்னிப்புக் கேட்டார். அன்று முழுக்க என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்காக நான் பேசியது, அவரைத் துணியில்லாமல் தெருவில் நிறுத்தியது போல் ஆகிவிட்டது.

சில வாரங்களில் கிளினிக்கை வேறொரு டாக்டருக்குக் கைமாற்றிவிட்டுத் தெற்கே ஜொகூருக்குப் போகிறேன் என்றார். அம்மா அங்கே டாக்டரின் தங்கை வீட்டில் இருக்கிறார், தங்கையால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று காரணம் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். காது சிவந்ததா என்று பார்க்க நினைத்தேன், அவர் முகமூடியைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார்.

லாரி டிரைவர் வாயும் அந்தத் தாயின் வாயும் சும்மா இருக்கவில்லை. பசாரில் பேச்சு பரவியது. தமிழாசிரியர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாராம். என்ன கேட்டார் என்று அவன் சொல்லவில்லை. அந்த வாரமே ஆப்பில் ஒரு பக்கத்தைச் சேர்த்தான். எழுதியவர்கள் பெயர் எல்லாம் அதில் இருந்தது. பிரேசில்காரர் முதலாக இருபது முப்பது வெளிநாட்டுப் பெயர்கள், நடுவில் டாக்டர் பெயர், கடைசியில் தமிழ் மொழிபெயர்ப்பு என்று என் பெயர். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "போதுமாக்கா?" என்றான். அவன் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் டாக்டர் ஜொகூரிலிருந்து போனில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். புது டாக்டர் எப்படி, என் முட்டி வலி எப்படி என்று கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, தம்பிகிட்ட சொல்லி என் பேரை எடுத்துடச் சொல்றீங்களா? கோபமில்ல. அந்தப் பக்கத்துக்கு மேலயே சூதாட்ட விளம்பரம் ஒண்ணு வருது. சின்னப் பிள்ளைங்க பார்க்கிற ஆப். அதுக்குக் கீழ என் பேரு இருக்கிறது... பார்க்க வெட்கமா இருக்குக்கா."

"சரி டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

தம்பியிடம் காரணத்தையும் சேர்த்து, அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னேன். அவன் உடனே லேப்டாப்பைத் திறந்தான். விளம்பரத்தை எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பெயரை மட்டும் எடுத்தான்.

இப்போது அந்தப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் பெயராக இருப்பது என் பெயர் ஒன்றுதான். கிளினிக்குக்கு வருகிறவர்கள் சிலர் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்களா? உங்க குடும்பமே கெட்டிக்காரங்கதான் போல." என் பெயரையும் எடுத்துவிடு என்று சொல்ல வாய் வருகிறது. அதையும் எடுத்துவிட்டால் அந்தத் தமிழை யாரும் எழுதவே இல்லை என்றாகிவிடும். அதனால் சொல்லவில்லை. கேட்பவர்களிடம், இல்லை, நான் ஒரு சொல்தான் போட்டேன், மற்றதெல்லாம் இன்னொருவர் செய்தது என்று சொல்கிறேன்.

"யாரு?" என்று கேட்பார்கள்.

அவர்களிடமும் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. இந்தக் கதையிலும் எழுதவில்லை. எடுத்துவிடச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.